வில்லியம் கண்டக்டர் சொன்ன நம்பர்

ராயப்பேட்டையில் வில்லியம் கண்டக்டரைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் டீ குடிக்காத ஆளாகத்தான் இருக்க வேண்டும். மாநகரப் பேருந்தில் ஆயுசு முழுக்கக் காக்கிச் சட்டை போட்டு, "பாஸ் எங்கே? தூரமா காட்டாதே, கையில குடு" என்று காலேஜ் பிள்ளைகளை அழவைத்த மனிதர். ரிட்டயரான மறுநாளிலிருந்து அவருக்கு ஒரே கொள்கை: எவன் கேட்டாலும் எதையும் காட்டக் கூடாது. எங்கே போய் முட்டிக்கொள்வது!

ஆதார் வந்தபோது, "நான் இன்னா மாடா, காதுல நம்பர் குத்தறதுக்கு?" என்றார். சிலிண்டர்காரனுக்குக்கூடத் தன் போன் நம்பரைத் தர மாட்டார். ரொம்பவும் நச்சரித்தால் அன்வர் பாஷாவின் நம்பரை ஒப்பிப்பார். பாஷா தெருமுனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன், வில்லியத்தின் முதல் சீடன். கேஸ், கரண்ட் பில், பல் டாக்டர் என்று வில்லியத்துக்கு வரவேண்டிய எல்லாச் செய்தியும் பாஷாவின் போனில்தான் வந்து விழும். "அண்ணாத்தே, உன் சிலிண்டர் வந்துகினு கீது" என்று அவனும் அலுக்காமல் சொல்லுவான். அரசாங்கத்துக்கே டிமிக்கி கொடுத்துவிட்டதாக வில்லியத்துக்குப் பெருமை.

கொரோனா ஊசி வந்தது. பின்னாலேயே ஊசி போட்டதற்குச் சான்றிதழும் வந்தது. வில்லியத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊசி அவனவன் இஷ்டம். சீட்டைக் காட்டினாத்தான் உள்ள வுடுவேன்னா இன்னா அர்த்தம்? இன்னிக்கு ஊசி. நாளைக்கு உன் சுகர், உன் பிரஷர், நீ எத்தினி தபா பாத்ரூம் போற, அல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துவான்!"

"அப்ப ஊசி போடாதவன் வந்து எங்கம்மா மூஞ்சில தும்மலாமா?" என்று டீக்கடை மாஸ்டர் திருப்பிக் கேட்பார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்ததுதான் எரிச்சல். கடைசியில் வில்லியம் எழுந்து நின்று, ஊசியும் போட மாட்டேன், சீட்டும் வாங்க மாட்டேன் என்று சபதம் செய்தார். பாஷா விசிலடித்துக் கைதட்டினான்.

அப்புறம் அவரோடு வண்டி ஓட்டிய டிரைவர் ஒருவர் மூச்சுமுட்டிச் செத்துப்போனார். வில்லியம் இரண்டு நாள் டீக்கடைப் பக்கமே வரவில்லை. பயம் சாமி, வேறொன்றும் இல்லை. பஸ் மறுபடி ஓடத் தொடங்கியதும் இரண்டு மாஸ்க்கை மாட்டி, தலையில் துண்டைச் சுற்றி, தெரிந்த முகமே இல்லாத கொட்டிவாக்கம் வரை போய் முகாமில் ஊசி போட்டுக்கொண்டார். இரண்டாவது தவணையும் அங்கேதான். வலிக்கிற கையை மறைத்துக்கொண்டு இன்னொரு கையால் டீ குடித்தபடி, கடையில் அதே முழக்கம். தன் பேச்சை நம்பி பாஷா ஊசி போடாமல் திரிகிறானே என்பது மட்டும் அவ்வப்போது உறுத்தும். பேச ஆரம்பித்தால் அதுவும் மறந்துபோகும்.

இப்படியிருக்க, தங்கை ஜொவிட்டாவின் மகள் ஆஷாவுக்கு மயிலாப்பூரில் கல்யாணம் வந்தது. அப்பா இல்லாத பெண். மாதா கோயிலில் கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிப்போகத் தாய்மாமன் வில்லியம்தான் இருந்தார். மாப்பிள்ளை வீட்டிலோ திரும்பிய பக்கமெல்லாம் டாக்டர்கள். பத்திரிகையின் கடைசி வரி, 'இரண்டு தவணைச் சான்றிதழுடன் வந்து மணமக்களை ஆசீர்வதிக்கவும்' என்றது.

"வாசல்ல நின்னு நாயம் கேப்பேன். தாய்மாமனை எவன் தடுக்கறான்னு பாக்கறேன்" என்றார் வில்லியம்.

விஷயம் ஆஷாவின் காதுக்குப் போனது. "நீங்க வரலைன்னா நான் தனியாவே நடந்து போய்க்கறேன் மாமா. ஆனா அப்புறம் சாகற வரைக்கும் உங்ககூடப் பேச மாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

கல்யாணத்தன்று பாஷாவின் ஆட்டோவில்தான் போய் இறங்கினார். பாஷாவும் வெள்ளைச் சட்டையும் அத்தருமாகப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். வாசலில் மாப்பிள்ளையின் தங்கை போனும் கையுமாக நின்றிருந்தாள்.

"சர்டிபிகேட் காட்டுங்க அங்கிள்."

வில்லியம் தொண்டையைச் செருமிக்கொண்டு அரசியல் சட்டத்திலிருந்து ஆரம்பித்தார். அந்தப் பெண் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"சரி அங்கிள். சர்டிபிகேட்?"

வில்லியத்துக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். முப்பது வருஷம் அவரே பேசிய குரல் அது.

பின்னால் கார் வந்து நின்றது. வெள்ளைப் புடவையில் ஆஷா இறங்கினாள். மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அழுகையை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். உள்ளே பாட்டு ஆரம்பமாகிவிட்டது. கொள்கையாவது மண்ணாங்கட்டியாவது!

வில்லியம் குனிந்து, பாஷாவுக்குக் கேட்காமல் கிசுகிசுத்தார். "ரெண்டும் போட்டுக்கினேம்மா. சீட்டுதான் வாங்கல."

"அவ்ளோதானா? நம்பர் சொல்லுங்க, இங்கயே எடுத்துடலாம்."

கடகடவென்று சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய நம்பர் என்று உறைத்தது. கொட்டிவாக்கம் முகாமிலும் பழக்கதோஷத்தில் அதைத்தானே கொடுத்தார்! பாஷாவின் சட்டைப் பையில் 'டிங்' என்றது.

பாஷா போனை எடுத்துத் தள்ளிப் பிடித்து, வந்த ஓடிபியை ஒவ்வொரு எண்ணாக நிதானமாகப் படித்தான். "நம்பரைப் போட்டுக்கினியாம்மா?"

"வில்லியம், ரெண்டு டோஸ், ஓகே. இதே நம்பர்ல அன்வர் பாஷான்னு இன்னொருத்தர்..."

"நான்தாம்மா."

வில்லியம் அவன் பக்கம் திரும்பினார். "பாய், உனக்கு எப்பலேர்ந்துயா தெரியும்?"

"நீ குத்திக்கினு வந்த அன்னிக்கே மெசேஜ் வந்துச்சே. அண்ணாத்தையே பயந்துட்டார்னா மேட்டர் பெருசுன்னு மறுநாளே நானும் போய் நின்னுட்டேன்."

"அப்புறம் இன்னாத்துக்கு தெனமும் கைதட்டின?"

"நீ பேசறது ஷோக்கா கீது. அதை ஏன் கெடுக்கணும்? போ அண்ணாத்தே, பொண்ணு நிக்குது."

ஆஷா கையை நீட்டினாள். வில்லியம் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு அதைப் பிடித்தார். அவள் சிரித்துக்கொண்டே இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் டீக்கடையில் புதிய பேச்சு. ஆளுக்கொரு சுகாதார அட்டை, எல்லா வியாதியும் ஒரே எண்ணில் என்று பேப்பரில் வந்திருந்தது. வில்லியம் பெஞ்சைத் தட்டினார். "அவன் தலைகீழா நின்னாலும் அதுல என் நம்பர் ஏறாது!"

பாஷா டீயை ஊதினான். "என் நம்பர்தான் ஏறும். அப்படித்தானே அண்ணாத்தே?"

வில்லியம் பாஷாவின் டீக்கும் சேர்த்துக் காசை எடுத்து வைத்தார்.

"வேற எவனை நம்பிக் குடுக்கறது, சொல்லு?" என்றார்.