மகனின் ஊசி அட்டையும் இரண்டாம் ஓலையும்

வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். இணைப்பு இல்லாத மனுவை மனுவாகவே மதித்ததில்லை. வாரிசுச் சான்று எந்த மேசையில் தூங்கும், பட்டா மாறுதலை எந்தக் காகிதம் இல்லையென்று திருப்பி அனுப்புவார்கள், உதவித்தொகைக்கு எத்தனை புகைப்படம், எல்லாம் மனப்பாடம். ஆரணியில் எங்கள் தெருக்காரர்கள் காலையிலேயே காகிதங்களோடு வந்துவிடுவார்கள். நானும் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, "இது செல்லாதுங்க" என்றுதான் ஆரம்பிப்பேன். செல்லும் என்று பிறகு நானே கண்டுபிடிப்பேன். அந்த முதல் வாக்கியத்தில் எனக்கு ஒரு சுகம். ஜெபத்துக்கு மட்டும்தான் நான் நகல் இணைப்பதில்லை என்பாள் என் மனைவி.

இவ்வளவு தெரிந்தவன்தான் ஒரே ஒரு ஜெராக்ஸால் தன் மகனின் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தேன்.

மகனுக்கு இருபத்தைந்து வயது. சென்னையில் கணினி வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"இன்னாடா தோள்ல?"

"ஊசி போட்டுகினேன்பா. எச்.பி.வி. ஊசி. மூணு தவணை. இது மொதலு."

எனக்குத் தெரியாத ஊசியா? "அது பொம்பளைங்களுக்கு போடறதாச்சே. கர்ப்பப்பை வாய் புத்துநோய் வராம இருக்க. பேப்பர்ல கூட பொண்ணுங்களுக்குன்னுதான் போட்டிருந்தான்."

"ஆம்பளைங்களுக்கும் உண்டுப்பா. அந்த வைரஸ் ஆம்பளையா பொம்பளையான்னு பாத்து வராது."

அவனுடைய குழுத் தலைவர் நாற்பது வயதைத் தாண்டியவர். புகை இல்லை, குடி இல்லை. கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வலிக்கவில்லை என்று சில மாதம் விட்டிருக்கிறார். பார்த்தால் நாக்கின் வேர்ப்பகுதியில், தொண்டையோரம் புற்றுநோய். இந்த வைரஸால் வந்தது, எப்போதோ இளமையில் தொற்றி உள்ளேயே தங்கியிருக்கலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்களாம். சிகிச்சைக்குப் போகுமுன், தனக்குக் கீழே இருந்த இளைஞர்களைக் கூப்பிட்டு, உங்களுக்கு இன்னும் வயது இருக்கிறது, ஒரு டாக்டரைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்றிருக்கிறார். மகன் போய்ப் போட்டுக்கொண்டான். அவ்வளவுதான் விஷயம்.

இரக்கப்பட வேண்டிய இடத்தில் நான் விசாரணை ஆரம்பித்தேன்.

"அவரு கதை வேற. உனக்கு எதுக்கு? அங்க இன்னா பண்ணிகினு இருக்க நீ?"

மகன் தட்டைப் பார்த்தான். மனைவி சட்னி கிண்ணத்தை என் பக்கம் சத்தமாக வைத்தாள்.

"போலியோ சொட்டு ஊத்தினப்போ, கொழந்த இன்னா பண்ணிகினு இருக்குதுன்னு கேட்டீங்களா?"

தோல்வியை ஒப்புக்கொள்ளும் வழக்கம் எங்கள் துறையில் இல்லை. "ஆம்பளைங்களுக்குன்னு அரசாணை ஏதாவது இருக்குதா?" என்று கேட்டேன். மகன் சிரித்துவிட்டு, டாக்டர் சொன்னதை ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் தலையாட்டினேன். அலுவலகத்தில் பிடிக்காத கடிதம் வந்தால் ஓரத்தில் 'கோப்பில் வைக்கவும்' என்று எழுதுவோம். இனி யாரும் இதைப் படிக்க வேண்டாம் என்பது அதன் பொருள். அவன் சொன்னதையும் அப்படித்தான் வைத்தேன்.

அடுத்த சில மாதங்களில் வந்தவாசியில் ஒரு பெண் அமைந்தாள். தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அவள் அப்பா சரித்திரம் நடத்தித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். பையனும் பெண்ணும் பேசிப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று ஆராதனையில் ஆயர் அறிவிப்பார். பையன் சபையிலும் வாசிப்பார்கள், பெண் சபையிலும் வாசிப்பார்கள். மூன்றும் முடிந்தால்தான் தாலி.

ஓலைக்கு விண்ணப்பம் தயாரிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டேன் என்ன, யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்தேன். ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் சான்று, வயதுச் சான்று, முகவரிச் சான்று என்று எட்டு இணைப்புகள். ஆயர் கேட்டது மூன்று. பெண்ணின் அப்பா போனில், "நாம ஜாதகம் பாக்கறதில்ல, ரத்த வகையாச்சும் பாத்துக்கலாம் சார்" என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். மகனைக் கேட்டேன். பி பாசிட்டிவ் என்றான். வாய்ச்சொல்லை வைத்து நான் என்ன செய்வேன்? ஆதாரம் வேண்டாமா? அவன் அலமாரியைக் குடைந்தேன். ஒரு மருத்துவமனை அட்டை கிடைத்தது. மேலே பெயர், பிறந்த தேதி, இரத்த வகை, பக்கத்தில் தெளிவான முத்திரை. இவ்வளவு நல்ல முத்திரையை நான் சர்வீசிலேயே பார்த்ததில்லை. நகல் எடுத்து, 'உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒன்பதாம் இணைப்பாகச் சேர்த்தேன். ஒரு கட்டு எங்கள் ஆயருக்கு. இன்னொன்று பெண்ணின் அப்பா வழியாக வந்தவாசி ஆயருக்கு.

அட்டையின் கீழ்ப் பாதியை நான் படிக்கவில்லை.

முதல் ஓலை இரண்டு ஊரிலும் நல்லபடியாக முடிந்தது. அடுத்த சனிக்கிழமை கல்யாணப் புடவை எடுக்கப் பெண் வீட்டார் மூன்று பேரும் பஸ் ஏறி ஆரணிக்கு வந்தார்கள். மகனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. பட்டுக் கடையில் பாயில் உட்கார்ந்து, பெண்கள் கிரீம் நிறத்தில் சரிகை போட்ட புடவைகளாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி என் முழங்கையைத் தொட்டார்.

"சார், ஒரு டீ சாப்ட்டு வரலாமா?"

எதிரே டீக்கடை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். கீழே சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடு.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"கீழ படிச்சீங்களா?"

அப்போதுதான் படித்தேன். தடுப்பூசியின் பெயர், முதல் தவணை, இரண்டாம் தவணை, மூன்றாவதற்கு ஒரு தேதி.

"போன்ல போட்டு பாத்தேன் சார். உடலுறவால பரவுற கிருமின்னு வருது. உங்க பையனுக்கு ஏதாவது... இருக்குதா? நாளைக்கு ரெண்டாவது ஓலை. எங்க ஆயர்கிட்ட இன்னிக்கே சொல்லி நிறுத்தணும்னா நிறுத்திடுவேன். எனக்கு ஒரே பொண்ணு."

முப்பத்து நான்கு ஆண்டுப் பழக்கம் உடனே வாயில் வந்தது. "அது தவறுதலா சேர்ந்துடுச்சிங்க. வேற யாரோட அட்டையோ மாறி..."

"உங்க பையன் பேரு போட்டிருக்குதே."

"ஆமாங்க. பேரு போட்டிருக்குது."

எந்தத் தணிக்கையிலும் என்னை இவ்வளவு சீக்கிரம் யாரும் பிடித்ததில்லை. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். "நோய்க்கு போட்ட மருந்து இல்லைங்க இது. வராம இருக்க போட்டது."

"ஒழுங்கான பையனுக்கு எதுக்கு சார்?"

என் கேள்விதான். என் குரலில்தான் கேட்டார். அங்கே என்ன பண்ணிக்கொண்டிருக்கிறான் என்ற பகுதியை மட்டும் மரியாதைக்காக விட்டுவிட்டார். மனைவியைப் போல ஒரு நல்ல பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கும் ஆசை வந்தது.

"நீங்க மனை வாங்கறப்போ வில்லங்கச் சான்று போட்டீங்க இல்ல? விக்கறவன் திருடன்னா போட்டீங்க?"

"அது ஏற்கனவே வில்லங்கம் இருக்குதான்னு பாக்கறது. இது இனிமே வராம தடுக்கறதுன்னு நீங்கதானே சொன்னீங்க? ரெண்டும் எப்படி சார் ஒண்ணாவும்?"

தலைமையாசிரியரிடம் உவமை சொல்லக் கூடாது. கோப்பில் போட்டு மூடியதையெல்லாம் திறந்து, மகன் சொன்ன வரிசையிலேயே ஒப்பிக்க ஆரம்பித்தேன்.

"இந்தக் கிருமி ரொம்ப பேருக்கு வந்துட்டு, தெரியாமலே தானா போயிடும்ங்க. சிலருக்கு போகாம தங்கிடும். பொம்பளைங்களுக்காவது முன்கூட்டி பாக்க ஒரு சோதனை இருக்குது. ஆம்பளைங்களுக்கு அந்த மாதிரி வழக்கமா பாக்கற சோதனையே இல்ல. பல வருஷம் கழிச்சி தொண்டையில, ஆசனவாய்ல, இன்னும் சொல்லக் கூடாத எடத்துலகூட புத்துநோயா வரலாம். மரு வரலாம். அவனுக்கு ஒண்ணும் வராமலே, கட்டிகினு வர்ற பொண்ணுக்கும் போவலாம். அதனால ரெண்டு பேருக்கும்தான் இந்த ஊசி."

சொல்லக் கூடாத இடம் என்றபோது பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். அவருக்கு நான் போன மாதம்தான் வருமானச் சான்று வாங்கிக் கொடுத்திருந்தேன்.

"போட்டா முழுசா தடுத்துடுமா?"

"முழுசான்னு சொல்ல மாட்டாங்க. முக்கியமான வகைங்கள நல்லா தடுக்குமாம். ஏற்கனவே வந்திருந்தா குணமாக்காது. அதனாலதான் எதுவும் ஆரம்பிக்கறதுக்கு முன்ன, சின்ன வயசுலயே போட்டா ரொம்ப நல்லதாம். இவன் லேட்டுதான். இருவத்தாறுக்குள்ள போட்டுக்கோன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. அதுக்கு மேல ஆனவங்க டாக்டர கேட்டுதான் முடிவு பண்ணணும்."

அவர் காகிதத்தை மறுபடி நான்காக மடித்தார். "அப்போ உங்க பையனுக்கு ஏற்கனவே இல்லன்னு உங்களால உறுதியா சொல்ல முடியுமா?"

இங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். மகன் நல்லவன் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் சான்றொப்பம் போட்ட கை, உண்மைக்கு மேல் எழுத மறுத்தது.

"முடியாதுங்க. அவனப் பத்தி மட்டும் இல்ல. உங்களப் பத்தி, என்னப் பத்தி, யாரப் பத்தியும் சொல்ல முடியாது."

அவர் டீ டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

கடைக்குத் திரும்பினோம். பெண்கள் ஒரு புடவையைத் தேர்ந்தெடுத்துத் தனியே வைத்திருந்தார்கள். எங்கள் முகத்தைப் பார்த்துக் கடைக்காரர், "இன்னா சார், கலர் புடிக்கலியா?" என்றார்.

"நல்லாதான் இருக்குது. பில்லு இப்போ போட வேணாம். எடுத்து வைங்க, சொல்றேன்" என்றார் சம்பந்தி.

பெண் நிமிர்ந்து அவள் அப்பாவைப் பார்த்தாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். அவர்கள் பஸ் ஏறியதும் நடந்ததைச் சொன்னேன்.

"கீழ படிக்காம கையெழுத்து போட்டான்னு ஆபீஸ்ல எத்தினி பேருக்கு மெமோ குடுத்திருப்பீங்க?" என்றாள்.

"அஞ்சு பேருக்கு."

"ஆறாவது நீங்களே எழுதிக்கங்க."

மகனுக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். நல்ல பிள்ளையாகப் போய் ஊசி போட்டுக்கொண்டதற்காகக் கல்யாணம் நின்றது என்று எந்த வாயால் சொல்வது? ஒருமுறை போனை எடுத்து, எண்ணைப் போடாமலே வைத்தேன். அவனை அன்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. சம்பந்தியாவது வெளியே கூட்டிப்போய், டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆயர் இரண்டாம் ஓலையை வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் என்று சொல்லி வழக்கம்போல நிறுத்தினார். அதே நேரத்தில் வந்தவாசியில் யார் எழுந்து நிற்கிறார்களோ என்று எனக்கு வியர்த்தது. சற்று நேரத்தில் பையில் போன் துடித்தது. ஆலயத்துக்குள் போனை அணைத்து வைக்கவும் என்ற அறிவிப்பை எழுதி ஒட்டியவன் நான்தான். முழு வரிசையையும் இடித்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

"சார், இங்க ரெண்டாவது ஓலை வாசிச்சாச்சி" என்றார் சம்பந்தி.

நான் ஆலயப் படியில் உட்கார்ந்தேன்.

"உங்க பையன் இந்த ஊசி சமாச்சாரத்த மொத தடவ பேசினப்பவே எங்க பொண்ணுகிட்ட சொல்லியிருக்காரு. அவளுக்கு தெரியும்னு நமக்கு ரெண்டு பேருக்கும்தான் தெரியல. பஸ்ஸுல வர்றப்போ அவ ஒண்ணு கேட்டா சார். அவரு ஊசி போடாமலே இருந்திருந்தா இந்தக் கேள்விய கேட்டிருப்பீங்களாப்பான்னு. போடாதவன நான் ஒரு வார்த்த கேட்டிருக்க மாட்டேன். சிரிச்சிகினே பொண்ணு குடுத்திருப்பேன். வந்தவாசி வர்ற வரைக்கும் அதையேதான் யோசிச்சிகினு வந்தேன்."

"நானும் அப்படித்தாங்க" என்றேன்.

"அந்தப் புடவைக்கு பில்லு போட்டுட சொல்லுங்க. பொண்ணும் ஒரு டாக்டரம்மாவ பாத்துட்டு ஊசி போட்டுக்கறேன்னு சொல்லிட்டா. உங்க பையனுக்கு மூணாவது தவணை கல்யாணம் முடிஞ்சி மூணு வாரத்துல வருது. புது மாப்பிள்ளைன்னு ஊர் சுத்திகினு மறந்துடப் போறாரு. தேதிய நான் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

சாயந்திரம் மகனே கூப்பிட்டான். அந்தப் பெண் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"டீக்கடையில நீ எனக்காக பேசினியாமே. இன்னாப்பா சொன்ன?"

"நீ சொன்னதத்தான்டா. வரிசகூட மாத்தல."

"நீதான் அத நம்பவே இல்லியே."

"ஆரம்பிக்கறப்போ நம்பல. அவரு கேட்டுகினே வந்தாரா, பதில் சொல்லிகினே வந்தேன். பாதியில நம்பிட்டேன்."

அவன் சிரித்தான். அன்று அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கு எந்தப் படிவமும் எனக்குத் தெரியவில்லை. "தோள் இன்னும் வலிக்குதாடா?" என்று கேட்டேன்.

"அது போட்டு எத்தினி மாசம் ஆவுதுப்பா" என்றான்.