ஜாக்கி நிற்காத தரை

ஏழுமலையின் இடது கையில் இப்போது இரண்டு விரல்கள்தான் இருக்கின்றன, கட்டைவிரலும் சுண்டுவிரலும். மற்ற மூன்றும் நான் போட்ட தரையில் போயின. தரை வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், "கார் ஷெட்டுக்கு எது ரொம்ப நாள் தாங்கும், எபாக்ஸியா டைல்ஸா?" என்று என்னிடம் கேட்கும்போதெல்லாம் அந்தக் கைதான் கண் முன்னால் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்ட வேண்டும் போலிருந்தால் தாராளமாகத் திட்டுங்கள். நானே என்னைத் திட்டி முடித்தபாடில்லை.

1. மூஞ்சி தெரியணும்

நான் சித்தாளாக வேலைக்கு வந்தவள். கலவைச் சட்டி சுமந்து, பிறகு மொசைக் பாலிஷ் மிஷின் பிடித்தேன். கள்ளக்குறிச்சியில் ஒரு பொம்பளை மிஷின் பிடிக்கிறாள் என்று நின்று வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு. மொசைக் போய் டைல்ஸ் வந்தது, அப்புறம் கண்ணாடி மாதிரி பளபளக்கிற எபாக்ஸி பூச்சு வந்தது. எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, ஆறு பேரை வைத்துத் தனியாக கான்ட்ராக்ட் எடுக்கத் தொடங்கினேன்.

கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு புளி வியாபாரி புது வீடு கட்டினார். பேர் வேண்டாம், முதலாளி என்றே சொல்கிறேன். அவருக்கு ஒரு காரும் ஒரு பிக்கப் வண்டியும் இருந்தன. பிக்கப்பில் கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலைப் பக்கம் புளி ஏற்றிவருவது டிரைவர் ஏழுமலையின் வேலை. மலைக்காரன், அதிகம் பேசமாட்டான். இரண்டு வண்டியும் நிற்க வீட்டை ஒட்டி ஷெட் போட்டிருந்தார்கள். அதற்குத் தரை போடத்தான் என்னைக் கூப்பிட்டார் முதலாளி. சென்னையில் ஏதோ கார் ஷோரூமில் எடுத்த போட்டோவை போனில் காட்டினார்.

"இன்னாம்மா, இந்த மாதிரி பளபளன்னு வோணும். குனிஞ்சா மூஞ்சி தெரியணும்."

"அண்ணா, ஷோரூம்ல வண்டி சும்மா நிக்குது. இங்க மலையெறங்கி சேறும் தண்ணியுமா வரும். கான்கிரீட் ஈரமா இருக்கசொல்லவே தரைய கெட்டியாக்கற ஹார்டனர் பவுடர் தூவி, தொடப்பம் இழுத்து சொரசொரன்னு வுட்டுடலாம். வாட்டத்த கேட் பக்கம் குடுத்தா தண்ணி தானா வெளிய ஓடிடும். ஆயுசுக்கும் நிக்கும்."

"தொடப்பம் இழுக்கறதா? மாட்டுக் கொட்டாயா கட்டறேன் நானு?"

பக்கத்தில் வாஸ்து பார்க்கிறவர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு திசைகாட்டி. அவர் தன் பங்குக்கு, "வாட்டம் ஈசானியத்துக்குத்தான் குடுக்கணும். தெற்க தண்ணி ஓடுனா குடும்பத் தலைவனுக்கு ஆவாது" என்றார்.

அந்த வீட்டின் கேட் தெற்கே இருந்தது. ஈசானியம், அதாவது வடகிழக்கு மூலை, ஷெட்டுக்குள்ளே வீட்டுச் சுவரோரம் இருந்தது. உலகத்தில் எந்த மேஸ்திரியும் ஷெட்டின் வாட்டத்தை வீட்டைப் பார்த்துக் கொடுக்கமாட்டான். அதைச் சொன்னேன்.

"மூலையில ஒரு ஓட்ட போட்டு வுடு, தண்ணி போயிடும்" என்றார் வாஸ்துக்காரர்.

"வண்டி உருண்டா?"

"வண்டிக்கு பிரேக் இல்லியா?" என்று கேட்டுவிட்டு முதலாளியைப் பார்த்துச் சிரித்தார். முதலாளியும் சிரித்தார். அந்தத் திசைகாட்டியைப் பிடுங்கித் தெருவில் எறிந்திருக்க வேண்டும். நான் டேப்பை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, அவர்கள் சொன்னபடியே போடுகிறேன் என்றேன்.

2. உப்புத்தாள்

அடுத்த நாள் வேலையாட்களுக்கு டீ வாங்கிக்கொண்டு வந்த ஏழுமலை, என் டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுப்பா."

"ஜாக்கி நிக்கிற மாதிரி போடுங்கக்கா. மலை எறக்கத்துல பிரேக் லைனிங் சும்மா சும்மா தேயுது. வாரத்துக்கு ஒருவாட்டி வீலு கழட்டறன். அடியில படுக்கறது நான்தானேக்கா."

"இத மொதலாளிகிட்ட சொன்னியா?"

"நான் சொன்னா, புடிக்கலன்னா நின்னுக்கோன்னுவாரு."

அவன் கேட்டது நியாயம். பின் சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக் இருந்தும் பிரயோஜனம் இல்லை, அது பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். முன் சக்கரத்துக்குக் கொடுக்கிற செங்கல்லும் ஜாக்கியின் அடியும்தான் வண்டியை நிறுத்த வேண்டும். சொரசொரப்பான தரையில் அவை நிற்கும். கண்ணாடித் தரையில், அதுவும் சரிவில், ஈரத்தில், எப்படி நிற்கும்?

ஏதாவது செய்ய வேண்டும் என்று, எபாக்ஸி கோட்டின் மேல் குவார்ட்ஸ் மணல் தூவினேன். வழுக்காமல் இருக்கத் தூவுவது அது. காய்ந்ததும் முதலாளி வந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"இன்னா இது, உப்புத்தாள் மாதிரி கீது?"

"வழுக்காம இருக்கறதுக்குண்ணா. ஏழுமல அடியில படுத்து வேல பாக்கறான். இப்பவே வாட்டம் உள்ள எறங்குது."

"ஏழுமலைக்கா வூடு கட்டறேன்? மேல இன்னும் ரெண்டு கோட்டு போட்டு மூடு. வழவழன்னு இருக்கணும்."

மூடினேன். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, நான் போகாவிட்டால் வேறு எவனாவது வந்து போடத்தான் போகிறான், அவன் ஈரம்கூடப் பார்க்காமல் பூசிவிட்டுப் போவான் என்றெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. பாலிதீன் ஷீட் ஒட்டி ஈரம் பார்த்தேன், பிரைமரைச் சரியாகக் காயவிட்டேன், ஒரு தூசி விழவிடவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் ஷெட்டில் நின்று செல்பி எடுத்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

3. டச்சப்

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை முதலாளி போன் செய்தார்.

"யம்மா, தரையில கோடு வுழுந்துடுச்சு. நல்லா ஆழமா. வந்து டச்சப் பண்ணிக் குடு."

"எதால வுழுந்துச்சுண்ணா?"

"ஜாக்கி இழுத்துக்கினு போயிடுச்சு."

"அடியில ஆளு இருந்தாங்களா?"

"ஏழுமலதான். கையில அடி, ஆஸ்பத்திரியில சேத்துக்கீது. நீ எப்ப வர்ற?"

இப்படித்தான் கேட்டார், ஒரே மூச்சில். நான் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏழுமலையின் கை முழங்கை வரை கட்டோடு இருந்தது. கியர் போடுகிற கை. பக்கத்தில் அவன் மனைவி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவன் எழப் பார்த்தான்.

"செங்கல்லு வச்சேன்க்கா, ரெண்டு வீலுக்கும். வண்டியில இருந்து மழத்தண்ணி சொட்டிக்கினே இருந்துச்சு. செங்கல்லே வழுக்கிக்கினு போச்சு. ஜாக்கி சாஞ்சு வண்டி கை மேல எறங்கிடுச்சு. மொதலாளிகிட்ட நீங்க சொல்லுங்கக்கா, நான் ஒழுங்காத்தான் வச்சேன்னு. வேலய வுட்டு அனுப்பிடப் போறாரு."

விரல் போனவன், தான் தப்பு செய்யவில்லை என்று என்னிடம் மன்றாடுகிறான். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

4. மிஷின்

மறுநாள் கிரைண்டிங் மிஷினோடு முதலாளி வீட்டுக்குப் போனேன். ஷெட்டை அலம்பிவிட்டிருந்தார்கள். அலம்பிய தண்ணீர் இன்னும் ஈசானிய மூலையில் தேங்கி நின்றது, மூலை ஓட்டையில் இலை அடைத்திருந்தது. ஜாக்கி இழுத்த கோட்டை முதலாளி காட்டினார். ஒரு முழ நீளம் இருக்கும்.

"பாவம் பையன். கல்லு வக்கத் தெரியாம வச்சிட்டான். உன் தரைய நான் குத்தம் சொல்லலம்மா, தரை ஃபஸ்ட் கிளாஸ்" என்றார்.

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"அவன் ஒழுங்காத்தான் வச்சான். குத்தம் தரையிலதான். நீங்க கேட்டீங்க, நான் போட்டேன். ரெண்டு பேருந்தான் அந்தக் கைய நசுக்கினோம்."

"இன்னா பேசற நீ? டச்சப் பண்ண வந்தியா, வம்பு பண்ண வந்தியா?"

"இந்தக் கோடு தனியா போவாதுண்ணா, மொத்தமா எடுக்கணும்" என்று சொல்லி மிஷினைப் போட்டேன். புதுசாகப் போட்டுத் தரப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். முகம் தெரிந்த தரை முழுவதையும் அடிக் கான்கிரீட் தெரிகிறவரை ராவினேன். உப்புத்தாள் மாதிரி என்றாரே, அதைவிடச் சொரசொரப்பாக விட்டேன். சாயங்காலம் வந்தவர் குனிந்து உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தார்.

"பாலிஷ் எப்ப போடுவ?" என்றார் கடைசியில்.

"ஏழுமல வந்து இங்க படுத்துப் பாத்து, போடலாம்னு சொல்லட்டும். போடறேன்."

அதற்குப் பிறகு அவர் வழியில் எனக்கு வேலை வரவில்லை. பைத்தியக்காரி, போட்ட தரையையே பேர்த்துவிட்டுப் போனாள் என்று ஊரெல்லாம் சொன்னார். சொல்லட்டும். ஏழுமலையை அவர் மறுபடி வண்டியில் ஏற்றவில்லை. அவன் இப்போது மலையில் மாமனாரின் மரவள்ளிக் காட்டில் வேலை செய்கிறான்.

தொழிலுக்கு வருகிறவர்களே, எபாக்ஸியா டைல்ஸா என்பதை மூன்று மாதத்தில் கற்றுக்கொள்வீர்கள். தரையை நின்று பார்க்கிறவர் என்ன கேட்கிறார் என்பதோடு நிறுத்தாதீர்கள். அதில் படுத்து வேலை செய்கிறவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவன் ஆகாது என்றால் அந்த வேலையைச் செய்யாதீர்கள். ஒருமுறை ஏழுமலையைப் பார்க்கப் போனபோது, "நீங்க போடலன்னாலும் வேற எவனாவது போட்டிருப்பான்க்கா, வுடுங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னான். நான் எனக்குச் சொல்லிக்கொண்ட அதே சமாதானம். அவன் வாயால் கேட்டபோதுதான் அது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தது. மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்ல அவனால் முடியாது, சொன்னால் சோறு போய்விடும். என்னால் முடியும். நான் சொல்லவில்லை.