நானா பிடித்த மேற்கு

பிஸ்மில்லாஹ். இதை எழுத மூன்று வருடமாகத் தாளை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தேன். நானாவுக்காகக் குர்ஆன் ஓதிய முதல் வருடக் கத்தத்துக்கே எழுதியிருக்க வேண்டும். துணிவு வரவில்லை. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

எங்கள் நானா, என் மூத்த சகோதரர், கனமூலையில் பிறந்தவர்கள். வாப்பா வேளையோடு மௌத்தாகி மறைந்ததால் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மேசன் வேலைக்குப் போனார்கள். கணக்கு மட்டும் அவர்களை விடவில்லை. வெறும் நிலத்தைக் காலால் அளந்தே எத்தனை கல் போகும் என்று சொல்வார்கள். மிஞ்சினால் நாலைந்து கல் மிஞ்சும். மூலை மட்டம் பிடிக்கக் கயிற்றில் மூன்றடி, நாலடி, ஐந்தடி என்று முடிச்சுப் போடுவார்கள். அவர்களின் மகள், "வாப்பா, இது எங்கட கணக்குப் புத்தகத்துல தேற்றமா இருக்கு" என்றபோது, "அப்ப அத எழுதினவரும் மேசன்தானே" என்றார்கள்.

அவர்கள் கட்டியதில் பெரியது, கடலோரக் குடியேற்றம் ஒன்றின் பள்ளிவாசல். டிசம்பர் மாதத்தில் அத்திவாரம் போட்டோம். இங்கிருந்து கிப்லா, தொழும்போது நோக்க வேண்டிய மக்காவின் திசை, நேர் மேற்கு அல்ல, கொஞ்சம் வடக்கே சரிவு. மேற்கே இருபதடி போய், அங்கிருந்து வடக்கே ஒன்பதடி என்பது நானாவின் கணக்கு. திசைகாட்டி கொண்டு வருவதாகச் சொன்னவர் வரவில்லை. கடலில் சூரியன் இறங்கிய இடத்தை மேற்கு என்று வைத்து நானா ஆப்பு அடித்தார்கள். "சூரியன் பொய் சொல்லுமா?" என்றார்கள். கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவன் நான்.

சில வருடம் கழித்து அதே மகள் திசைகளை அளக்கும் திசைகோள் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"டிசம்பர்ல சூரியன் நேர் மேற்குல இறங்காதாம் வாப்பா. நல்லாத் தெற்கால சாயுமாம்."

நானா தேத்தண்ணியைக் கீழே வைத்தார்கள். தெற்கே சாய்ந்ததும் நாங்கள் வடக்கே கூட்டியதும் சரிக்குச் சரியாகிப் பள்ளிவாசல் வெறும் மேற்கைப் பார்த்து நிற்கிறது என்று எனக்கும் விளங்கிவிட்டது.

வெளியூர் மௌலவி ஒருவரிடம் கேட்டார்கள். தெரியாமல் தொழுத தொழுகை செல்லும், தெரிந்தபின் திருத்த வேண்டும் என்றார். ஊருக்கு எப்படிச் சொல்வது? நாலு பக்கமும் சுவர் எழுப்பிவிட்டு வாசல் வைக்க மறந்த மேசனைப் போல ஆகிவிட்டார்கள். தொழுகை வரிசையான சஃப்பின் கடைசியில் நின்று, கிப்லாவுக்கு நேராக வலப்பக்கம் திரும்பித் தொழுதார்கள்.

"என்ன நானா, பக்கத்து ஆளோட கோபமா?"

"கால் சரியில்ல தம்பி."

பிறகு கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கைத்தொலைபேசியில் திசை பார்த்து, பள்ளிவாசல் கோணல் என்று சொல்லிவிட்டார். அந்த ஜும்ஆவுக்குப் பின் கூட்டம் கூடியது. "அது அந்த மன்னார் பாஸ் பிடிச்ச நூல்" என்றார் ஒருவர். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, எங்களோடு சுவர்ப் பூச்சு வேலை மட்டும் செய்த மேசன் அந்தப் பாஸ். அப்போது மன்னாருக்கே திரும்பியிருந்தார்.

நானா எழுந்தார்கள்.

"ஓம், நீங்க பிடிச்சிருந்தா இப்படிக் கோணுமா? இருங்க நானா" என்று இன்னொருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானா திரும்ப உட்கார்ந்துவிட்டார்கள். நான் எழும்பவே இல்லை.

சஃப்புகளைச் சரித்துக் கோடு போடும் கணக்கும் நானாவுக்குத்தான் தெரியும். இருபதுக்கு ஒன்பது வைத்து அவர்களே போட்டார்கள். "நல்ல வேளை, நீங்க இருந்தீங்க" என்று வந்தவர் போனவரெல்லாம் கையைப் பிடித்தார்கள். அதன்பின் நானா நூல் பிடிக்கும் வேலைக்கே போகவில்லை.

சிலாபம் ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் சொன்னது இது: "கோட்டைத் திருத்திட்டேன் தம்பி. அந்த மனிசன்ட பேரை எதால திருத்துற? நீ சொல்லிரு."

நானாவைப் பார்த்துக்கொண்ட தாதிமார், குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தியவர்கள், கபுறுக் குழி வெட்டியவர்கள், மதினிக்கு, கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தா நாட்கள் முடியும்வரை சோறு அனுப்பிய அயலவர்கள் எல்லோருக்கும் அல்லாஹ் நற்கூலி தருவானாக.

இந்த நினைவு மலர் கையில் கிடைப்பவர்கள் மன்னார்ப் பக்கம் போனால் அந்தப் பாஸின் குடும்பத்தைத் தேடிச் சொல்லுங்கள். நானா நல்லவர்கள் என்று எதையும் குறைக்க வேண்டாம், என்மேல் கோபத்தில் எதையும் கூட்டவும் வேண்டாம். மேற்கைப் பிழையாகப் பிடித்தது நானாவும் நானும். தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்ததும் நாங்கள் இருவரும்தான். இதை இப்படியே சொல்லுங்கள்.