ஹம் நின்றுபோன பேஸ் கிடார்

பேஸ் கிடாரின் ஸ்ட்ரிங்கில் டெஸ்டரை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. கிடார் ஸ்ட்ரிங்கில் கரண்ட்! கோட்டக்குப்பத்தில் ஆம்ப், கிடார், மைக் என்று சர்வீஸ் பார்த்தே தலை நரைத்துவிட்டது. இப்படியொரு வெளிச்சத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் முன்புவரை அதே ஸ்ட்ரிங்கை ஒரு பெண் வாசித்துக்கொண்டிருந்தார். அதுவும் வெறுங்காலோடு, அப்போதுதான் கழுவிவிட்ட சர்ச் தரையில்.

சுவிட்ச் வேலை

அவர் பெயர் அமலா. மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை; ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேஸ் வாசிப்பார். பழைய பேஸ் ஒன்றை என் கடைக்குக் கொண்டுவந்து, "பாய், எல்லாப் பாட்டுக்கும் ஒரே சவுண்டா இருக்குது. குண்டாவும் வரணும், மெல்லிசாவும் வரணும்" என்றார்.

ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்பும் பிக்கப்பில் இரண்டு காயில். மூன்று பொசிஷன் சுவிட்ச் போட்டுக் கொடுத்தேன். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும் சீரீஸில் சவுண்ட் தடியாக வரும். பக்கத்தில் பக்கமாக இணைக்கும் பேரலலில் கொஞ்சம் மெலியும். சிங்கிளில் ஒரு காயில் மட்டும் வேலை செய்யும். சவுண்ட் தெளிவு, ஆனால் 'ம்ம்ம்' என்று ஹம் இருக்கும். அது அதன் பிறவிக் குணம். ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பிரிட்ஜிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ஒயரையும் புதிதாக சால்டர் செய்தேன். அந்த ஒயரால்தான் ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் இரைச்சல் அடங்கும்.

அடுத்த வாரம் போன் வந்தது. "பாய், மூணு பொசிஷன்லயும் இரையுது. எல்லாரும் என்னையே திரும்பிப் பாக்குறாங்க."

மூன்றிலும் இரைந்தால் குற்றம் பிக்கப்பில் இல்லை. ஆம்ப்புக்கு ஒரு எர்த், சர்ச் ஸ்பீக்கருக்குச் சவுண்ட் அனுப்பும் மிக்சருக்கு ஒரு எர்த். நடுவில் ஒயர் போட்டதும் இரண்டு எர்த்தும் வளையமாகச் சேர்ந்து லூப் ஆகியிருக்கும்; அதுதான் இரைகிறது. "எதையும் தொடாதீங்க, நானே வர்றேன்" என்றேன்.

சர்ச்சில்

நாலைந்து நாள் கழித்துப் போனால் சத்தமே இல்லை. "ஹம் போயே போச்சு பாய்! எங்க வூட்டுக்காரு சரி பண்ணிட்டாரு" என்றார் அமலா. அவர் கணவர் சேவியர் வயர்மேன். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"என்னப்பா பண்ணே?"

"சின்ன வேலைதான் பாய். ஆம்ப்புக்குப் போற எர்த் ஒயரக் கட் பண்ணிட்டேன்."

அல்லா! அமலாவின் கையிலிருந்து பேஸைப் பிடுங்கினேன். மிக்சர் ஒயரைக் கழற்றிவிட்டு டெஸ்டரை வைத்தேன். அப்போதுதான் முதலில் சொன்ன அந்த வெளிச்சம்.

பிளக்கைப் பிடுங்கி ஆம்ப்பைத் திறந்தேன். உப்புக் காற்றில் மெயின் ஒயரின் தோல் வெடித்து, உள்ளிருந்த செம்பு ஆம்ப்பின் இரும்புப் பாடியை ஒட்டிப் பச்சை பூத்துக் கிடந்தது. கரண்ட் பாடியில் கசிந்து, கிடார் ஒயரைச் சொருகும் ஜாக் வழியாக, நான் சால்டர் வைத்த அதே கிரவுண்ட் ஒயரில் ஏறி ஸ்ட்ரிங்குக்கு வந்திருக்கிறது. போக வேறு வழியில்லை, எர்த்தைத்தான் வெட்டியாயிற்றே. மிக்சர் ஒயர் சொருகியிருக்கும்வரை கசிவு அந்தப் பக்கம் போய்விடும். பிராக்டீஸில் மிக்சர் கிடையாது.

"பிராக்டீஸ்ல கையில ஒண்ணும் தெரியலையாம்மா?" என்று கத்தியேவிட்டேன். சர்ச் என்பதுகூட நினைவில்லை.

அமலா விரல்களை விரித்துக் காட்டினார். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி நுனியெல்லாம் வெடிப்பு. "சுருக்கு சுருக்குனு இருந்துச்சு பாய். உப்பு எரிச்சல்னு நெனச்சேன். தேங்காண்ண தடவிக்கினு வாசிச்சேன்."

கரண்ட் அடிப்பதை ஒரு மனுஷி தினக்கூலியின் எரிச்சல் என்று பொறுத்துக்கொண்டிருக்கிறார். அந்த மெயின் ஒயர் இன்னும் ஒரு நூல் உரிந்திருந்தால்?

சேவியர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாலு பேரு முன்னாடி அவ தல குனியக் கூடாதுன்னுதான் பாய் பண்ணேன்" என்றவருக்கு அதற்குமேல் அழுகைதான் வந்தது.

எர்த்தை மறுபடி கொடுத்து, மெயின் ஒயரை மாற்றினேன். லூப்புக்கு, இரண்டு எர்த்தையும் பிரித்துவைக்கும் ஐசொலேஷன் பாக்ஸை மிக்சர் பக்கம் வைத்ததும் ஹம் அடங்கியது. மிக்சர் ஒயரைக் கழற்றி ஸ்ட்ரிங்கில் டெஸ்டரை வைத்தேன்; எரியவில்லை. பேஸை நீட்டினேன். அமலா வாங்கவில்லை. சேவியரைப் பார்த்து, "நீ மொதல்ல தொடுய்யா" என்றார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தில் நின்று, நான்கு ஸ்ட்ரிங்கையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். அமலா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கையை எடுக்கச் சொல்லவே இல்லை.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளே, ஹம் காதுக்குத்தான் தொல்லை. அதற்காக எர்த்தில் கை வைக்காதீர்கள். வாசிப்பவரிடம் சவுண்ட் எப்படி என்று கேட்பதற்கு முன், விரல் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.