மௌஸிலிருந்து கையை எடுத்த மதியம்

அந்த மதியம் திருப்பதி அறையில் இருந்தவன் நான் ஒருவன்தான். அறைத்தோழர்கள் இரண்டு பேரும் விநாயக சவிதிக்கு, அதாவது விநாயகர் சதுர்த்திக்கு, ஊருக்குப் போய்விட்டார்கள், ஒருவன் பலமனேர், இன்னொருவன் சித்தூர். கீழ்வீட்டுக்காரர்கள் கேட்டைப் பூட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள். அம்மாவும் நைனாவும் வடமாலபேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரிடம் சொன்னாலும் "கூட யார் இருந்தார்கள்?" என்றுதான் கேட்கிறார்கள். யாரும் இல்லை.

பேய், பிசாசு, காற்று, கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஊரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், நான் குறுக்கே நின்று டாக்டரிடம் போகச் சொல்லிச் சண்டை போட்டு, படித்த திமிர் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். டிகிரியில் கம்ப்யூட்டர் எடுத்தவன். ஒன்று கெட்டுப்போனால் அதற்குக் காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், இதுதான் என் மதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அன்று மாலை ஐந்து மணிக்குள் எம்.எஸ்சி கவுன்சிலிங்கில் வெப் ஆப்ஷன் கொடுத்து முடிக்க வேண்டும். எந்தக் கல்லூரி முதலில், எது அடுத்தது என்று வரிசைப்படுத்தி, கடைசியில் லாக் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் நல்ல ரேங்க் இருந்தும் சீட் இல்லை. மூன்று நாள் முன்பு நைனா போனில் கேட்டார்.

"இன்னும் ரெண்டு வருசம் பட்ச்சி இன்னாடா பண்ணப்போற? கம்பெனில ஆள் எடுக்கிறாங்கோ, திங்கக்கெயம வரச் சொல்லிக்கிறாங்கோ."

"சீட்டு கெடச்சா ஸ்காலர்ஷிப் வரும் நைனா."

"கெடைக்கலைன்னா?"

"கம்பெனிக்கே போறேன்."

"அப்பறம் பேச்சு மாறக் கூடாது" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அங்கிருந்தும் போன் வரவில்லை, நானும் பண்ணவில்லை. பண்டிகைக்கு ஊருக்குப் போகாமல் திருப்பதியிலேயே கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

என் லேப்டாப் செகண்ட் ஹேண்ட். முந்தின இரவு அது தானாகவே அப்டேட் போட்டுக்கொண்டிருந்தது, நான் தூங்கிவிட்டேன். காலையில் பிரவுசரைத் திறந்தால் திறக்கிறது, கவுன்சிலிங் பக்கம் வருகிறது, லாகின் ஆகிறது, கல்லூரிப் பட்டியல் விரியும் நேரத்தில் திரை வெள்ளையாகி ஜன்னல் மொத்தமாக மறைந்துவிடுகிறது. ரீஸ்டார்ட் பண்ணினேன், கேஷ் அழித்தேன், எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன், பிரவுசரையே தூக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன், வேறொரு பிரவுசரை இறக்கிப் பார்த்தேன், அதுவும் அதே இடத்தில் செத்தது. போனில் பார்த்தால் பாதிப் பட்டியலோடு நின்றுவிடுகிறது. நெட் சென்டருக்கு ஓடினேன், பண்டிகை, ஷட்டர் இறங்கியிருந்தது. தெருவெல்லாம் மேளமும் மைக்கும், கும்பல் கும்பலாகச் சேர்ந்து நிற்கிறார்கள், அந்தக் கூட்டத்துக்கு நடுவே திரும்பி நடந்து வந்தபோதுதான் அறைத்தோழர்களை விட்டால் இந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது என்பது உறைத்தது.

மூன்று மணிக்கு டேனியல் அண்ணனுக்குப் போன் பண்ணினேன். சித்தூர்க்காரர், கல்லூரியில் எனக்கு சீனியர், இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலை. தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள் ஒன்றை என்னிடம் முன்பே போட்டுக் கொடுத்திருந்தார்.

"அதுல வர்ற நம்பரும் பாஸ்வேர்டும் சொல்லுடா. சொல்லிட்டு மௌஸ்லருந்து கைய எட்த்துரு, எதயும் தொடாத. ரூமுக்குப் போனதும் நான் பாத்துக்கிறேன்."

எண்களைச் சொன்னேன், பாஸ்வேர்டையும் எழுத்தெழுத்தாகச் சொன்னேன், சரியா அண்ணா என்று கேட்டால் பதில் இல்லை. போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. எந்த இடத்தில் துண்டித்தது என்று தெரியவில்லை. சார்ஜில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன், மணி மூன்றரையை நெருங்கிக்கொண்டிருந்தது, எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சத்தம் போட்டே அழுதேன். கேட்க யார் இருக்கிறார்கள்?

அப்போது திரையில் மௌஸ் அம்பு நகர்ந்தது. அப்பாடா, அண்ணன் வந்துவிட்டார் என்று கையை மடியில் வைத்துக்கொண்டேன். நோட்பேடு திறந்தது. ஒரு வரி வந்தது.

"அழுவாத."

அந்த வரி தெலுங்கு எழுத்தில் இருந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படிப்பது தெலுங்கு. அதனால் தமிழ் வார்த்தையைத் தெலுங்கு எழுத்தில்தான் எழுதுவோம், தமிழ் எழுத்தை நானே கல்லூரிக்கு வந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். அண்ணனுக்கு இப்படி எழுத வருமா என்று ஒரு நொடி தோன்றியது, அவ்வளவுதான். நான் அழுதது எப்படித் தெரியும் என்பது அப்போது தோன்றவேயில்லை. அந்த லேப்டாப்பில் கேமரா இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டைதான், மைக்கும் வேலை செய்யாது.

அடுத்த வரி: "துன்னியா?"

இல்லை என்று அதே எழுத்தில் தட்டினேன்.

"போயி துன்னுட்டு வா. நான் பாக்குறேன்."

நம்புங்கள், நம்பாமல் போங்கள், நான் எழுந்து போனேன். காலையிலிருந்து வயிறு காலி. அவலை நனைத்து வெல்லம் போட்டுச் சமையல் மேடை ஓரமாக நின்றபடியே தின்றேன். அங்கிருந்து பார்த்தால் திரை தெரியும். செட்டிங்ஸ் திறக்கிறது, ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன் என்ற சுவிட்ச் அணைகிறது, பிரவுசரின் பழைய விவரங்கள் இருந்த ஃபோல்டருக்கு வேறு பெயர் விழுகிறது. அவசரமே இல்லாமல், தெரிந்த கை ஒன்று செய்கிற மாதிரி. தட்டைக் கழுவிவிட்டு வந்தபோது கல்லூரிப் பட்டியல் முழுதாக விரிந்து நின்றது. வெள்ளைத் திரை இல்லை, எதுவும் மறையவில்லை.

வரிசைப்படுத்தினேன். முதலில் திருப்பதி. லாக் அழுத்தியபோது மணி நான்கு முப்பத்திரண்டு. சார்ஜில் இருந்த போனை ஆன் பண்ணிய உடனே அடித்தது, டேனியல் அண்ணன்.

"சாரிடா, ட்ராஃபிக்ல மாட்டிக்கினேன். இப்பதான் ரூமுக்கு வந்தேன். மீதி நம்பர் சொல்லு, சீக்கிரம்."

"மீதி நம்பரா?"

"ஆறு நம்பர் சொன்ன, கட் ஆயிட்ச்சி. பாஸ்வேர்டே நீ சொல்லலியே."

"அண்ணா, நீங்கதான இவ்ளோ நேரம் தெலுங்குல எழுதிக்கினு இருந்தீங்கோ..."

"எனக்கு எங்கடா தெலுங்கு எழுத வரும்? நான் பட்ச்சது தமிழ் மீடியம். பஸ் போர்டையே பக்கத்துல நிக்கிறவங்கள கேட்டுத்தான் ஏறுவேன்" என்று சிரித்தார். "இன்னாடா, வெயில்ல சுத்திக்கினு இருந்தியா?"

அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் கண்ணெதிரே அம்பு நகர்ந்துகொண்டிருந்தது. என் ஒரு கையில் போன், இன்னொரு கை முழங்கால் மேல். போனைக் கீழே வைத்துவிட்டு நோட்பேடில் "யாரு?" என்று அடித்தேன். அம்பு நின்றது. நான் அடித்ததை யாரோ படிக்கிற நேரம் அளவுக்கு நின்றது. பிறகு மூலைக்குப் போய் நோட்பேடை மூடியது. சேமிக்க வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்பதை அழுத்தியது. அதன் பிறகு அம்பு அசையவில்லை.

நீங்கள் கேட்கப்போவதை எல்லாம் நானே சோதித்துவிட்டேன். அந்த மென்பொருளின் பதிவில் அன்று ஒருவரும் இணைந்ததாக இல்லை. என் கணக்கில் எதுவும் திருடு போகவில்லை. எண்ணை யாரோ குருட்டாம்போக்கில் அடித்து உள்ளே வந்திருப்பார்கள் என்கிறார் டேனியல் அண்ணன். இருக்கலாம். ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சைத் தெலுங்கு எழுத்தில் எழுதத் தெரிந்த ஒருவர், பண்டிகை மதியத்தில், நான் சாப்பிட்டேனா என்று கேட்கவா உள்ளே வந்தார்? அப்படிக் கேட்கக்கூடியவர்கள் எங்கள் வீட்டார்தான். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

சீட் கிடைத்தது, திருப்பதியிலேயே. இரண்டு வருடம் முடியப்போகிறது. ஹாஸ்டலில் எல்லோரும் மார்க் கேட்கிறார்கள், நோட்ஸ் கேட்கிறார்கள். அறையில் ஆள் இல்லாத மதியங்களில் நோட்பேடைத் திறந்து வைத்து, மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் வந்ததில்லை. அந்த மென்பொருளின் இலவசக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, பணம் கட்டினால்தான் வெளியிலிருந்து உள்ளே வரும் அந்த எண் மாறாமல் நம்மிடமே இருக்கும் என்றது. ஸ்காலர்ஷிப்பிலிருந்து கட்டினேன், மறுவருடமும் கட்டினேன். இதுவரை மூவாயிரத்து அறுநூறு ரூபாய்.