ஏகநாதனின் தாடை

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் விசாகாவைத் தெரியாதவர்கள் கிடையாது. பெயர் தெரியாதவர்கள்கூட முகத்தைத் தெரிந்து வைத்திருந்தார்கள். அவளுடைய கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னால் வந்து நிற்கும். வாயை மூடினால் கீழ்ப்பல் வரிசை வெளியிலும் மேல்வரிசை உள்ளேயுமாக உட்காரும். கொய்யாப்பழத்தைக்கூடத் துண்டு போட்டுக் கடைவாயில் வைத்துத்தான் தின்ன வேண்டும். 'ச' நாக்கில் சரியாக விழாது. யாராவது பெயர் கேட்டால் நடு எழுத்தை விழுங்கிவிட்டுச் சொல்வாள்.

அது அவளுடைய அப்பா ஏகநாதனின் தாடை. அவர் சுரங்கத்தில் டிரில்லிங் மெஷின் பிடித்தவர். 1961இல், விசாகாவுக்குப் பதினைந்து வயது நடக்கும்போது, பகல் ஷிஃப்டுக்குப் போனவர், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜில் ஏறித் திரும்பி வரவில்லை.

பூமிக்கு அடியில் ஏழாயிரம் அடி ஆழத்தில் பாறை பாரம் தாங்காமல் வெடிப்பதை அங்கே ஏர் பிளாஸ்ட் என்பார்கள். மேலே இருப்பவர்களுக்கு அது அலமாரிப் பாத்திரம் குலுங்கும்போது தெரியும். குலுங்கி நின்றதும் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். அன்றைக்கு விசாகாவின் அம்மா பாப்பம்மாவும் ஓடினாள். பக்கத்து வரிசை வெங்கடம்மாவும் ஓடினாள். வெங்கடம்மாவின் புருஷன் முனுசாமி சுரங்கத்தின் அதே ஆழத்தில், அதே லெவலில் ஏகநாதனோடு வேலை செய்தவன்.

அந்த லெவலில் இருந்தவர்கள் ஐந்து பேர். மூன்று நாள் கழித்து நான்கு பேரை மேலே கொண்டுவந்தார்கள். மூன்று பேருக்குக் கையிலோ காலிலோ ஏதோ ஓர் அடையாளம் இருந்தது. நான்காவது ஆளுக்கு ஒன்றும் இல்லை. இடுப்பில் கட்டியிருந்த, ஆள் எண் போட்ட டோக்கனும் அறுந்து எங்கோ போயிருந்தது. பாப்பம்மாவை உடல்கள் கிடத்தியிருந்த அறைக்குள் கூப்பிட்டார்கள். துணியை விலக்க வேண்டாம் என்று அங்கிருந்தவர் சொன்னார். பாப்பம்மா துணிக்கு அடியில் கையை விட்டு முகம் இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். தாடை முன்னால் நீண்டிருந்தது.

"எங்க வூட்டுக்காரர்தான்" என்றாள்.

வெளியே நின்றிருந்த வெங்கடம்மாவை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. ஐந்தாவது ஆள் கிடைக்கவேயில்லை. கொஞ்ச நாள் தோண்டிப் பார்த்துவிட்டு, மேலும் கல் விழும் என்று அந்த லெவலை மூடிவிட்டார்கள். ஏகநாதனின் பெயரில் ஒரு கல்லறை எழும்பியது. பௌத்தக் குடும்பம் என்பதால் விகாரையிலிருந்து பிக்கு வந்து சூத்திரம் சொன்னார். வெங்கடம்மா பொட்டை அழிக்கவில்லை. உடம்பைப் பார்க்காமல் அழிக்கமாட்டேன் என்றாள். சொந்தக்காரர்கள் இரண்டு வருஷம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பாப்பம்மா மகளைப் பார்க்க ஆரம்பித்தாள். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து, தன் தட்டைத் தொடாமல், விசாகாவின் வாய் அசைவதையே பார்ப்பாள். தலை வாரும்போது கை கூந்தலிலிருந்து இறங்கிக் காதுக்குக் கீழே போகும். அங்கிருந்து எலும்பின் ஓரமாக மெதுவாக முகவாய் வரைக்கும் வரும். கட்டை விரல் கீழ் உதட்டுக்குக் கீழே ஒரு நிமிஷம் நிற்கும். அம்மா அப்பாவை நினைத்துக்கொள்கிறாள் என்றுதான் விசாகா முதலில் நினைத்தாள். ஆனால் அந்தக் கையில் பாசம் இல்லை. கடையில் துணியைத் தேய்த்துப் பார்க்கிற கை மாதிரி இருந்தது.

பேய் பிசாசு இல்லை என்று சொல்லி வளர்த்த வீடு அது. ஏகநாதனே அப்படிச் சொன்னவர்தான். ஆனாலும் விசாகா கண்ணாடி பார்ப்பதை நிறுத்தினாள். முகம் கழுவக் குனிந்தால் வாளித் தண்ணீரில் தாடை மட்டும் முதலில் வந்து நின்றது.

இருபதாவது வயதில் அவளுக்கு ஓர் ஆஸ்பத்திரியின் தையல் அறையில் வேலை கிடைத்தது. படுக்கை விரிப்பும் ஆபரேஷன் உடுப்பும் தைக்கிற வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் அவளுக்கு அது பிடித்திருந்தது. 1969இல் ஒரு நாள் பல் டாக்டர் டக்ளஸ் கிழிந்த கோட்டோடு அந்த அறைக்கு வந்தார். ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஆங்கிலோ இந்தியர். பட்டன் தைக்கும் நேரம் முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அது பழக்கம்தான்.

"கடிக்க முடியுதா உன்னால?" என்றார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"வேலூர்ல ஒரு சர்ஜன் இருக்காரு. ரெண்டு பக்கமும் எலும்பை அறுத்துப் பின்னால தள்ளி வெச்சு, பல்லோட பல்லு சேர்த்துக் கம்பி கட்டிடுவாங்க. ஆறு வாரம் வாயைத் திறக்க முடியாது. கஞ்சிதான். உதடு கொஞ்சம் மரத்துப்போனாலும் போகலாம். அதையும் சொல்லிடறேன். ஆனா கடிக்கலாம், பேசலாம். எழுதிக் குடுக்கட்டுமா?"

எழுதித் தாருங்கள் என்றாள். இந்த முகத்தோடுதான் சாக வேண்டும் என்று இருபத்து மூன்று வருஷமாக நினைத்திருந்தவள், இல்லை என்று ஒருவர் சொன்னதும் அந்த நிமிஷமே ஆசைப்பட்டுவிட்டாள். ஆசைப்பட்டதற்குப் பிறகுதான் பயம் வந்தது. அப்பாவுக்குக் கல் செய்ததை இவர்கள் ரம்பத்தால் செய்வார்கள். தையல் மெஷின் ஓடும்போதெல்லாம் காதுக்குக் கீழே எலும்பு கூசியது.

ஒரு முறை வேலூருக்குப் போய்க் காட்டிவிட்டும் வந்தாள். பிப்ரவரியில் வந்து சேரும்படி கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள்.

பாப்பம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

"வேணாம்" என்றாள்.

"ஏம்மா?"

"வேணாம்னா வேணாம். கண்ணாலம் கட்டறவன் இந்த மொகத்தப் பாத்துக் கட்டட்டும்."

"கண்ணாலத்துக்கு இல்லம்மா. எனக்குப் பழத்தக் கடிச்சித் தின்னணும். எம் பேர நானே சொல்லணும். அப்பா மொகம் பூடும்னு பயப்படறியா?"

பாப்பம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அது உங்கப்பன்தானான்னு எனக்குத் தெரியாதுடி."

விசாகாவுக்கு முதலில் புரியவில்லை.

"துணிக்குள்ள கைய வுட்டேன். தாடை நீட்டிக்கினு இருந்துச்சி. அவருதான்னுட்டேன். வூட்டுக்கு வந்து மூணாம் நாளு நெனப்பு வந்துச்சி. அவ்ளோ பெரிய கல்லு வுழுந்தா யார் தாடைதான் நீட்டிக்கினு வராது? அது முனுசாமியா இருந்தா? வெங்கடம்மா வெளிய நின்னுக்கினு இருந்தா. ஒரு வார்த்த, தெரியலன்னு நான் சொல்லியிருந்தா அவளையும் கூப்ட்டிருப்பாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதான் ஒன்னத் தொட்டுத் தொட்டுப் பாக்கறேன். எங்கைல இருக்கற நெனப்பும் இதுவும் ஒண்ணான்னு. நீயும் இத்த வெட்டிப் போட்டுட்டா நான் எத்த வெச்சிப் பாக்கறது?"

அன்றைக்கு விசாகா சாப்பிடவில்லை. எட்டு வருஷமாகத் தன் முகத்தில் ஒரு பிணத்தைத் தேடிய கையை நினைத்தாள். அதைவிட, தினமும் தண்ணீர்க் குழாயில் தனக்கு வழிவிடுகிற வெங்கடம்மாவின் பொட்டை நினைத்தாள். மறுநாள் காலையில் அம்மாவிடம் சொன்னாள்: "வெங்கடம்மா அத்தைகிட்ட நீ சொல்லணும். நான் வேலூருக்குப் போறதா இல்லையான்றது அப்புறம்."

"அடிச்சே கொன்னுடுவா."

"கொல்லட்டும். வா."

போகவே நான்கு நாள் ஆனது. வெங்கடம்மா வீட்டு வாசலில் கட்டில் போட்டு மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தாள். பாப்பம்மா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் நிறுத்தவில்லை. வெங்கடம்மா கையில் இருந்த மிளகாயைக் காம்போடு நசுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் போடவில்லை. முடிந்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

"கீழ கீற முன்பல்லு இருந்துச்சாக்கா?"

"இன்னாது?"

"எங்க வூட்டுக்காரருக்குக் கீழ ரெண்டு பல்லு கெடையாது. மெஷின் எகிறி அடிச்சதுல போனது. உங்கைக்குப் பல்லு தட்டுப்பட்டுச்சா, சந்து தட்டுப்பட்டுச்சா? நல்லா யோசிச்சி சொல்லு."

பாப்பம்மா கண்ணை மூடினாள். வலது கையை நீட்டி, காற்றில், ஒரு துணிக்கு அடியில் நுழைக்கிற மாதிரி நுழைத்தாள். விரல்கள் எதையோ தடவின. விசாகா பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் விரல் காற்றில் போன வழி அவளுக்கு அத்துப்படி. காதுக்குக் கீழே தொடங்கி, எலும்பின் ஓரமாக வந்து, உதட்டுக்குக் கீழே கட்டை விரல் நின்றது.

"பல்லு கீது" என்றாள் பாப்பம்மா. உடனே கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள். "இல்ல. இது இவ பல்லு. இவளத்தான் கை சொல்லுது. அங்க தொட்டது எங்கைல இல்ல வெங்கடம்மா. இவளத் தொட்டுத் தொட்டு அது பூட்டுச்சி."

வெங்கடம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு வாரம் அவள் இவர்கள் பக்கம் திரும்பவில்லை. தண்ணீர்க் குழாயில் மட்டும் விசாகாவை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வையை விசாகா அறிவாள். அதுவும் இப்போது அவளுடைய வாயில்தான் வந்து நின்றது. எட்டாம் நாள் வெங்கடம்மா இவர்கள் வீட்டுக்கே வந்தாள். பாப்பம்மாவிடம் பேசவில்லை.

"எப்போ வேலூரு?" என்று விசாகாவைக் கேட்டாள்.

"போறதான்னே தெரியல அத்தே."

"போ. நானும் கூட வரேன். எனக்குப் பொறந்த ஊரு அந்தப் பக்கந்தான். உங்கம்மா எட்டு வருசமாப் பாத்தா. இப்போ நானும் பாக்க ஆரம்பிச்சுட்டேன். கொழாயாண்ட உன்னப் பாத்தா கண்ணு நேரா பல்லுக்குப் போவுது. இது நல்லதுக்கு இல்லம்மா. ரெண்டு கெழவிங்க பாத்துக்கினே இருந்தா நீ எங்க இருப்ப?"

பாப்பம்மா மூலையில் உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் விசாகா முடிவு செய்தாள். தன் தாடை எதற்கும் சாட்சி இல்லை, அது தன் வாயில் இருக்கிற எலும்பு, அவ்வளவுதான் என்று திரும்பத் திரும்பத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். முழுசாக நம்ப முடியவில்லை. ஆனாலும் டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்தாள்.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. விழித்தபோது வாய் பூட்டியிருந்தது. முதல் இரண்டு நாள் அவளுக்குக் கல்லுக்கு அடியில் கிடக்கிற நினைப்பு. கூப்பிட முடியாது, கத்த முடியாது. மூக்கால் மூச்சு விடுவது ஒன்றுதான் வேலை. அப்பாவோ முனுசாமியோ, அங்கே கிடைக்காமல் போனவர் உடனே செத்திருப்பாரா, இப்படிக் கொஞ்ச நேரம் கிடந்திருப்பாரா என்று யோசித்தாள். வெங்கடம்மா கடைவாய்ச் சந்து வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றினாள். விசாகா கண்ணால் கேட்டதை அவளும் நினைத்திருக்க வேண்டும். "யோசிக்காத, முழுங்கு" என்றாள்.

கம்பியோடேயே மூன்றாவது வாரம் அனுப்பிவிட்டார்கள். பங்காரப்பேட்டையில் வண்டி மாறி, ஊர் ஸ்டேஷனான மாரிக்குப்பத்தில் இறங்கினார்கள். பாப்பம்மா ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். கூட்டத்தில் வெங்கடம்மாவைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தாள்.

"எங்கடி எம் பொண்ணு? ஏன் நீ மட்டும் வந்த?"

விசாகா இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். அம்மாவின் கண் அவள் முகத்தின் மேல் ஒரு முறை பட்டு, யாரோ என்று தாண்டிப்போய், பின்னால் இறங்குகிறவர்களைத் தேடியது. 'ம்மா' என்று தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது. வெங்கடம்மா ஒன்றும் சொல்லாமல் விசாகாவின் கையைப் பிடித்துப் பாப்பம்மாவின் கையில் வைத்தாள். பாப்பம்மா முதலில் கையைப் பார்த்தாள். பிறகு புடவையைப் பார்த்தாள். கடைசியில்தான் முகம். பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். எட்டு வருஷத்தில் அவள் அழுது விசாகா பார்த்தது அன்றைக்குத்தான்.

கம்பி அவிழ்த்த பிறகு பேச்சு மெல்லத் தெளிந்தது. கீழ் உதட்டின் இடது பக்கம் மரத்தது மரத்ததுதான். பாப்பம்மா அதற்குப் பிறகு மகளின் முகத்தைத் தொடவில்லை. நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள். ஆனால் சில நாள் வீட்டுக்குள் விசாகா திடீரென்று திரும்பினால், யார் நீ என்பதுபோல் ஒரு நொடி பார்ப்பாள். அந்த ஒரு நொடி விசாகாவுக்குப் பழகவேயில்லை. வருஷா வருஷம் கல்லறைக்குப் பாப்பம்மாவும் வெங்கடம்மாவும் சேர்ந்தே போனார்கள். யாருக்காகப் பூ வைக்கிறோம் என்று இருவரும் பேசிக்கொண்டதில்லை.

தையல் அறையிலிருந்து விசாகாவை நோயாளிகளின் பெயர் கூப்பிடுகிற வேலைக்கு மாற்றினார்கள். 1975இல் ஒரு காலை, அவள் சீட்டுகளை அடுக்கும்போது மேஜைமேல் இருந்த கண்ணாடி டம்ளர் குலுங்கியது. மத்தியானத்துக்குள் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். செத்தவர்களில் ஒருவர் யாரென்று தெரியவில்லை. வாசலில் நின்ற ஓர் இளம்பெண்ணைக் கூப்பிடச் சொன்னார்கள். பெயர் சரோஜா. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

விசாகா அவளைத் தோளோடு அணைத்து உள்ளே கூட்டிப்போனாள். அந்தப் பெண் துணிக்கு முன்னால் நின்றாள். அங்கிருந்தவர் கையில் பேனாவோடு பதிலுக்குக் காத்திருந்தார்.

"அவசரம் ஒண்ணியும் இல்லம்மா" என்றாள் விசாகா. "தெரிஞ்சா சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. யாருக்காகவும் சொல்லாத."

சரோஜா கையை நீட்டித் தொட்டாள். எடுத்தாள்.

"தெரியலக்கா" என்றாள்.

பேனாவைப் பிடித்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "தெரியலன்னே எழுதுங்க சார்" என்றாள் விசாகா. சொல் சுத்தமாக வந்தது. பிறகு வாசலுக்குப் போய், அங்கே காத்திருந்த அடுத்த பெண்ணின் பெயரைக் கூப்பிட்டாள்.