அப்பாவுக்குப் பிடித்த பச்சை இடியாப்பம்

மெர்போக் வாழ் பெருமக்களே! இன்று காலை எங்கள் வீட்டில் பச்சை இடியாப்பம் வெளியீடு கண்டது.

தயாரிப்பு என் அக்கா. கல்லூரியில் உணவு அறிவியல் படிக்கிறாள். கொய்யா இலையைக் கொதிக்க வைத்து, பாகு போலச் சுண்டவிட்டு அரிசி மாவில் கலந்தால், சாப்பிட்டதும் சீனி சட்டென்று ஏறாதாம். அப்பாவுக்கு இனிப்பு நீர் நோய். அவருக்காகத்தான் இந்தப் பாடு. அடுத்த வாரம் வகுப்பிலும் இதையேதான் காட்டப் போகிறாள்.

போன முறை அப்பா ஒரு வாயோடு நிறுத்திவிட்டார். "கசக்குது லா!" அக்காவின் முகம் தொங்கிப்போனது.

அதனால்தான் நான் களமிறங்கினேன். அக்காவின் போத்தலில் இருந்த சாற்றை வேறொன்றுக்கு மாற்றி ஒளித்துவிட்டு, அதே போத்தலில் பச்சை நிறப் பாண்டான் இலைச் சிரப்பை ஊற்றி வைத்தேன். அக்காவுக்குச் சளி, வாசம் தெரியவில்லை.

"இன்னும் ரெண்டு வைமா. இன்னிக்கு சூப்பர் லா!" என்றார் அப்பா. அக்கா சிரித்தாள். என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

பிறகு அக்கா அப்பாவின் விரலில் குத்தி இரத்தம் பார்த்தாள். சீனி எகிறியிருந்தது.

"சாறு வேலை செய்யலப்பா. வேற ஏதாவது செஞ்சு கொடுக்கிறேன்."

"நான்தாம்மா நிறைய தின்னுட்டேன். உன் மேல தப்பில்ல."

சிரப்பில் சீனி இருக்கும் என்று இந்த மேதைக்குத் தோன்றவே இல்லை.

கெத்தாக ஆரம்பித்த நான் இப்போது கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். உண்மையான சாறு என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

அக்காவிடம் முதலில் சொல்வதா, அப்பாவிடமா? சீக்கிரம் சொல்லுங்க லா, யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.